ஒரே கிராபிக்ஸ், இரண்டு கணினிகள்

(புதுக்கோட்டையில் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருக்கும் மாணவர்களில் பலருடைய பையில் ஒரு லேப்டாப் இருக்கும். அண்ணனோ அக்காளோ பள்ளியில் வாங்கிய பழைய விலையில்லா மடிக்கணினி சிலரிடம் இருக்கலாம். அரசு இப்போது கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கும் புதியது சிலரிடம் இருக்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கியதும் இருக்கலாம். எதுவானாலும் அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கிராபிக்ஸ்தான். செயலிச் சில்லோடு சேர்ந்தே வருவது. தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட விலையுயர்ந்த லேப்டாப் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது? அந்த ஒரே கிராபிக்ஸை லினக்ஸும், அதற்குள்ளே ஓடும் இன்னொரு கணினியும் ஒரே நேரத்தில் எப்படிப் பங்குபோட்டுக்கொள்வது என்பதுதான் இன்று நான் பேச வந்த விஷயம்.

நம் மாநிலத்துக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இயங்குதளம். டெபியனை அடிப்படையாகக் கொண்டது. முதல் பதிப்பு 2007இல் வந்தது. அதே காலத்தில்தான் மாநில அரசின் எல்காட் நிறுவனமும் உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. பிறகு 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். அதற்காக எல்காட் கேட்ட விவரக்குறிப்பில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, கூடவே பாஸ் லினக்ஸ். பதினான்கு ஆண்டுகள் கழித்தும் ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளங்கள் என்ற ஏற்பாட்டை அரசு கைவிடவில்லை. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இரண்டும் ஒரே வட்டில் இருப்பது வேறு, இரண்டையும் பயன்படுத்துவது வேறு. கணினியைத் திறக்கும்போது ஒரு பட்டியல் வரும். அதில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றது தூங்கும். விண்டோஸில் ரெக்கார்டு நோட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும் மாணவி, ஒரு பைத்தான் நிரலை லினக்ஸில் ஓட்டிப் பார்க்க நினைத்தால் எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு நாள் அப்படிச் செய்வாள். மூன்றாம் நாள் விண்டோஸிலேயே இருந்துவிடுவாள். லினக்ஸ் வட்டின் ஒரு மூலையில் கிடக்கும். சோம்பல் என்று அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கருவியை எடுக்க ஒவ்வொரு முறையும் இவ்வளவு பாடுபட வேண்டுமென்றால் யாரும் அதை எடுக்க மாட்டார்கள்.

இதற்கு விடை மெய்நிகர் கணினி. ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்துக்குள் ஒரு சாளரத்தில் இன்னொரு முழுக் கணினியை ஓட்டுவது. புதிய யோசனை இல்லை. ஐபிஎம் 1972லேயே தன் பெருங்கணினிகளுக்காக விஎம்/370 என்ற இயங்குதளத்தை வெளியிட்டது. ஒரே இயந்திரத்தில் ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கணினி இருப்பதுபோலக் காட்டியது. நம் மேசைக்கு வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 2003இல் ஃபாப்ரிஸ் பெல்லார் மெய்நிகர் கணினியை ஓட்டும் க்யூஎமு என்ற மென்பொருளை எழுதினார். 2005, 2006இல் இன்டெலும் ஏஎம்டியும் மெய்நிகராக்கத்துக்கான கட்டளைகளைச் செயலிக்குள்ளேயே வைத்தன. 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் கர்னல் 2.6.20இல், ஆவி கிவிட்டி எழுதிய கேவிஎம் என்ற மெய்நிகராக்கப் பகுதி சேர்ந்தது. அன்று முதல் ஒவ்வொரு லினக்ஸுமே மெய்நிகர் கணினிகளை ஓட்டும் தகுதியோடுதான் வருகிறது. தனியாக எதையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இனி வெளியே ஓடும் கணினியை ஹோஸ்ட் என்றும் உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும் சொல்கிறேன். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

செயலியைப் பங்கிடுவது சுலபமாக முடிந்துவிட்டது. கெஸ்ட் தன் கட்டளைகளை நேராகச் செயலியிலேயே ஓட்டுகிறது. வேகம் பெரிதாகக் குறைவதில்லை. ரேமை அளந்து கொடுத்துவிடலாம். வட்டில் ஒரு பெரிய கோப்பைக் கொடுத்து அதுதான் உன் வட்டு என்று சொல்லிவிடலாம். சிக்கல் எல்லாம் திரையில்தான். முதல் முறை மெய்நிகர் கணினியை நிறுவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நிரல்கள் வேகமாக ஓடும், ஆனால் சாளரத்தை இழுத்தால் திக்கித் திக்கி வரும், காணொளி சீராக ஓடாது, மின்விசிறி கத்த ஆரம்பிக்கும். சித்திரை மாதத்தில் இந்த ஊரில் மடியில் வைத்திருக்கவே முடியாது.

காரணம் இதுதான். இன்றைய மேசைச் சூழல்கள், குனோம் போன்றவை, தம் ஒவ்வொரு சாளரத்தையும் ஓப்பன்ஜிஎல் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்தின் வழியாகவே வரைகின்றன. கெஸ்டுக்குக் கிராபிக்ஸ் சில்லு கிடைக்காதபோது அதிலுள்ள மீசா என்ற கிராபிக்ஸ் நூலகம் எல்எல்விஎம்பைப் என்ற மாற்று வழிக்குப் போகிறது. கிராபிக்ஸ் சில்லு செய்ய வேண்டிய முக்கோணங்களையும் நிறங்களையும் செயலியே கணக்குப்போட்டு வரையும் வழி அது. பக்கத்திலேயே அந்த வேலைக்கென்று செய்த சில்லு சும்மா இருக்க, செயலி மாடாய் உழைக்கிறது. பேட்டரியும் அதோடு போகிறது.

சரி, அந்தச் சில்லையும் செயலிபோலப் பங்கிட்டால் என்ன? இங்கேதான் வன்பொருள் ஒத்துழைக்க மறுக்கிறது. செயலிக்குள் மெய்நிகராக்கக் கட்டளைகள் வந்ததுபோலக் கிராபிக்ஸ் சில்லுகளுக்குள் நெடுங்காலம் வரவில்லை. ஒரே ஒரு இயக்கி தன்னை ஆளும் என்று எண்ணிச் செய்யப்பட்டவை அவை. இரண்டு இயக்கிகள் ஒரே பதிவகத்தில் எழுதினால் சில்லு உறைந்துபோகும்.

முதல் வழி, சில்லை முழுவதுமாகக் கெஸ்டிடம் ஒப்படைப்பது. பாஸ்த்ரூ என்பார்கள். 2012இல் வந்த கர்னல் 3.6இலிருந்து விஎஃப்ஐஓ என்ற பகுதி இதை ஒழுங்காகச் செய்கிறது. மேசைக் கணினியில் இரண்டு கார்டுகள் வைத்திருப்பவர்களுக்கு அருமையான வழி. நம் லேப்டாப்பில் சில்லு ஒன்றுதான். அதைக் கெஸ்டிடம் கொடுத்த நொடியில் ஹோஸ்டின் திரை போய்விடும். அதனால் இதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் மென்பொருள் உலகில் நான் மிகவும் மதிக்கும் வேலைகளில் அது ஒன்று. இன்டெல் பொறியாளர்கள் குன் டியான், யாவ்சு டாங், டேவிட் கவ்பர்த்வெயிட் மூவரும் 2014இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் ஒரு கட்டுரை அளித்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஜிவிடி-ஜி. அவர்களுடைய எண்ணம்: கெஸ்டுக்குள் சாதாரண இன்டெல் இயக்கியே ஓடட்டும், தான் உண்மையான சில்லோடு பேசுவதாகவே அது நினைக்கட்டும். வேகத்தைத் தீர்மானிக்கும் பகுதிகளை, அதாவது படம் வரையும் நினைவகத்தையும் கட்டளை வரிசையையும், கெஸ்ட் நேரடியாகத் தொடட்டும். ஆபத்தான பதிவகங்களைத் தொடும்போது மட்டும் ஹோஸ்ட் இடைமறித்துப் பதில் சொல்லட்டும். கெஸ்ட் அனுப்பும் கட்டளைகளைச் சில்லுக்குப் போகும் முன் ஒருமுறை பரிசோதித்து, பிறருடைய நினைவகத்தைத் தொடும் கட்டளை இருந்தால் தடுத்துவிடட்டும். இவ்வளவையும் செய்து, கிராபிக்ஸ் மிகுந்த வேலைகளில் சில்லின் நேரடி வேகத்தில் 95 விழுக்காடு வரை எட்டியதாகவும், ஏழு மெய்நிகர் கணினிகள் வரை தாங்கியதாகவும் அக்கட்டுரை சொன்னது.

அதில் நேரத்தைப் பங்கிடும் முறை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. இந்த ஊருக்குப் பக்கத்தில் கவிநாடு கண்மாய் இருக்கிறது. மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் கண்மாய்களும் ஏரிகளும் இருக்கின்றன. தண்ணீர் குறைந்த காலத்தில் முறைவைத்துப் பாய்ச்சுவதை உங்களில் பலர் வீட்டில் பார்த்திருப்பீர்கள். மடை ஒன்று, வயல் பல. ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் வாய்க்காலுக்குத் திருப்பினால் தண்ணீர் உடனே வயலுக்கு வந்துவிடாது. காய்ந்த வாய்க்கால் குடித்ததுபோக மீதிதான் வயலுக்கு. முறையை ரொம்பச் சின்னதாக வைத்தால் எல்லாத் தண்ணீரும் வாய்க்காலை நனைப்பதிலேயே போய்விடும்.

கிராபிக்ஸ் சில்லிலும் அப்படியே. செயலி ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஏறத்தாழ 300 நானோ நொடி போதும் என்றும், கிராபிக்ஸ் சில்லு மாற ஏறத்தாழ 700 மைக்ரோ நொடி ஆகிறது என்றும் அதே கட்டுரை கணக்குக் காட்டியது. ஆயிரம் மடங்குக்கும் மேல். அதனால் செயலியைப்போல அடிக்கடி மாற்ற முடியாது. ஒவ்வொரு கெஸ்டுக்கும் 16 மில்லி நொடி என்று நீண்ட முறை வைத்தார்கள். திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்பட்டால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான். கண்ணுக்கு மாற்றம் தெரியாத மிகப் பெரிய துண்டு எதுவோ, அதைத் தேர்ந்தார்கள். வாய்க்கால் இழப்பையும் பயிரின் தாகத்தையும் சேர்த்து எண்ணி வைத்த முறை அது.

2017 பிப்ரவரியில் கர்னல் 4.10இல் ஜிவிடி-ஜி அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. அதே பதிப்பில்தான் எம்டெவ் என்ற பொதுச் சட்டகமும் வந்தது. ஒரு சாதனத்தைப் பல துண்டாக்கிக் கெஸ்டுகளுக்குக் கொடுக்க எந்த நிறுவனத்தின் இயக்கியும் அதைப் பயன்படுத்தலாம். அதை எழுதியவர்கள் என்விடியாவின் கீர்த்தி வான்கடேயும் நியோ ஜியாவும். இன்டெலும் என்விடியாவும் போட்டி நிறுவனங்கள். இரண்டின் ஆட்களும் ஒரே மின்னஞ்சல் குழுவில் மாதக்கணக்கில் வாதாடி, ஒருவர் எழுதிய சட்டகத்தின் மேல் மற்றவர் தம் வேலையைக் கட்டினார்கள். கட்டற்ற மென்பொருள் என்றால் இலவசம் என்று மட்டும் நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஜிவிடி-ஜியைப் பயன்படுத்துவதும் எளிது. கர்னல் தொடங்கும்போது இன்டெல் இயக்கிக்கு ஜிவிடியை இயக்கு என்று ஒரு சொல் கொடுக்க வேண்டும். பிறகு சாதனத்தின் கோப்புறையில், எந்த அளவுத் துண்டு வேண்டுமோ அதைத் தேர்ந்து, ஒரு அடையாள எண்ணை எழுதினால் புதிய கிராபிக்ஸ் பிறந்துவிடும். அதைக் கெஸ்டுடன் இணைத்தால் விண்டோஸ் கெஸ்டுக்குள்ளும் இன்டெலின் சொந்த இயக்கி அப்படியே ஓடும். விண்டோஸுக்கு முழு முப்பரிமாண வேகம் கிடைத்தது இதன் தனிச்சிறப்பு.

ஆனால் ஜிவிடி-ஜி எந்தச் சில்லுகளில் ஓடும்? இன்டெலின் 5ஆம் தலைமுறையான பிராட்வெல் முதல் 10ஆம் தலைமுறையில் காமெட் லேக் வரை. 10ஆம் தலைமுறையிலேயே ஐஸ் லேக் என்ற இன்னொரு குடும்பம் உண்டு, அதற்குக் கிடையாது. 11 முதல் கிடையாது. இன்டெல் அதை மேலே நீட்டவில்லை. 12ஆம் தலைமுறையிலிருந்து எஸ்ஆர்-ஐஓவி என்ற வன்பொருள் முறைக்குப் போனது. அதில் சில்லே தன்னை ஏழு துண்டு வரை பிரித்துக் காட்டும். மடையைத் திறந்து மூடும் வேலை மென்பொருளிடமிருந்து சில்லுக்குள் போய்விட்டது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 12ஆம் தலைமுறை லேப்டாப்புகள் 2022இல் கடைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கான லினக்ஸ் ஆதரவோ முதன்மைக் கர்னலின் பழைய ஐ915 இயக்கியில் முழுமையாகச் சேரவே இல்லை. ஆர்வலர்கள் வெளியே தனி மாட்யூலாகப் பராமரிக்கிறார்கள். கர்னல் மாறும்போதெல்லாம் அதை மறுபடி கட்ட வேண்டும். சில சமயம் உடையும். எக்ஸ்இ என்ற புதிய இயக்கியில் இந்த வேலை நடக்கிறது, அதுவும் புதிய சில்லுகளுக்கே முதலில். வன்பொருளில் இருக்கும் வசதிக்கு நாம் காசு கொடுத்துவிட்டோம், பயன்படுத்தத்தான் முடியவில்லை. ஏஎம்டி ரைசன் லேப்டாப்பிலோ இப்படிப் பிரிக்கும் வசதி சாதாரணப் பயனருக்குத் திறந்தே விடப்படவில்லை.

இதைச் சொல்லி உங்களைச் சோர்வடையச் செய்வது என் நோக்கமில்லை. ஒரு நிறுவனம் தன் சில்லுக்கு மட்டும் தரும் வசதி அந்த நிறுவனத்தின் திட்டம் மாறும்போது நின்றுவிடும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டோம். ஆகவே நம் மாணவர்கள் முதலில் கற்க வேண்டியது சில்லைச் சாராத வழியை. என் பேச்சின் சாரம் அதுதான், மீதி நேரத்தை அதற்கே கொடுக்கிறேன்.

அந்த வழியின் பெயர் விர்ட்டியோ. அதன் மூல எண்ணத்தை ஆஸ்திரேலியாவின் ரஸ்டி ரஸ்ஸல் 2008இல் ஒரு கட்டுரையாக எழுதினார். கெஸ்டை ஏமாற்றி, உன்னிடம் உண்மையான சாதனம் இருக்கிறது என்று நடிப்பதற்குப் பதிலாக, நீ மெய்நிகர் கணினிதான் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவது. நமக்குள் ஒரு பொது வரிசை வைத்துக்கொள்வோம், வேண்டியதை அதில் எழுது, ஹோஸ்ட் செய்து தரும் என்பது ஏற்பாடு. வட்டுக்கும் வலையமைப்புக்கும் இது ஏற்கெனவே உலகத்தின் மேகக் கணினிகளில் பரவலாகப் பயன்படுகிறது. கிராபிக்ஸுக்கான விர்ட்டியோ-ஜிபியு 2015இல் கர்னல் 4.2இல் வந்தது. அதில் முப்பரிமாண வேகம் 2016 ஜனவரியில் வெளியான 4.4இல் சேர்ந்தது. அந்த முப்பரிமாணப் பகுதிக்கு விர்ஜில் என்று பெயர். தொடங்கியவர் டேவ் ஏர்லி, லினக்ஸ் கர்னலின் கிராபிக்ஸ் பகுதியைப் பல்லாண்டாகப் பராமரிப்பவர்.

கெஸ்டுக்குள் ஒரு நிரல் முக்கோணம் ஒன்றை வரையச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெஸ்டின் மீசா அந்தக் கட்டளையை எந்தச் சில்லுக்கும் பொதுவான வடிவில் எழுதிப் பொது வரிசையில் போடும். ஹோஸ்டில் விர்ஜில் ரெண்டரர் என்ற நூலகம் அதை எடுத்து, மறுபடி சாதாரண ஓப்பன்ஜிஎல் கட்டளையாக்கி, ஹோஸ்டின் மீசாவிடம் கொடுக்கும். அங்கிருந்து அது உண்மையான சில்லுக்குப் போகும். ஹோஸ்டின் பார்வையில் கெஸ்டின் திரை முழுவதும் இன்னொரு சாதாரண நிரல். ஃபயர்பாக்ஸ் ஒன்று, கெஸ்ட் ஒன்று. பல நிரல்கள் ஒரே கிராபிக்ஸைப் பயன்படுத்தும் வித்தை லினக்ஸுக்கு ஏற்கெனவே தெரியும். அதையே திருப்பிப் பயன்படுத்திக்கொண்டார்கள். சில்லைத் துண்டாக்கவே தேவையில்லை. இன்டெல் எந்தத் தலைமுறையானாலும் சரி, ஏஎம்டி ஆனாலும் சரி, ஹோஸ்டில் ஓப்பன்ஜிஎல் வேலை செய்தால் கெஸ்டிலும் வேலை செய்யும். கூகுளின் குரோம்புக்குகளில் லினக்ஸ் நிரல்களுக்குக் கிராபிக்ஸ் வேகம் இந்த விர்ஜில் வழியாகத்தான் வந்தது.

விலை இல்லாமல் இல்லை. ஒரே கட்டளை இரண்டு தடவை மொழிமாறுகிறது. நிழலும் நிறமும் கணக்கிடும் ஷேடர் என்னும் சிறு நிரல்கள் கெஸ்டில் ஒரு முறை, ஹோஸ்டில் ஒரு முறை தொகுக்கப்படுகின்றன. பெரிய விளையாட்டுகளுக்கு இது போதாது. அந்தக் குறையைத் தீர்க்க வீனஸ் வந்தது. வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் இடைமுகத்தின் கட்டளைகளை அவ்வளவாக மாற்றாமல் கட்டி அனுப்புவது அதன் வேலை. 2024 டிசம்பரில் வந்த க்யூஎமு 9.2 முதல் நேரடியாகக் கிடைக்கிறது. அதற்கும் அடுத்த படி நேட்டிவ் கான்டெக்ஸ்ட். கெஸ்டுக்குள் சில்லின் உண்மையான மீசா இயக்கியே ஓடும். கர்னலிடம் போக வேண்டிய அழைப்புகள் மட்டும் வரிசை வழியாக ஹோஸ்டுக்குப் போகும். ஏஎம்டி சில்லுகளுக்கு 2025இல் மீசா 25.0இல் இது சேர்ந்தது. சில்லைப் பிரிக்கும் வசதி மறுக்கப்பட்ட ரைசன் லேப்டாப்புக்கு மென்பொருள் வழியாகவே கதவு திறக்கிறது என்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

இனி நம் லேப்டாப்புக்கு வருவோம். 8 ஜிபி ரேம். செயலியோடு சேர்ந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. இந்த 8 ஜிபியிலிருந்துதான் அதுவும் எடுக்கும். ஏஎம்டி லேப்டாப்புகளில் பயாஸே ஒரு பகுதியை முன்கூட்டி ஒதுக்கிவிடும். ஹோஸ்டின் மேசைச் சூழலும் ஒரு உலாவியும் மூன்று, மூன்றரை ஜிபி கேட்கும். கெஸ்டுக்கு மூன்று ஜிபி கொடுக்கலாம், அதற்கு மேல் கொடுத்தால் இரண்டும் திணறும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பாஸ்த்ரூவிலும் எஸ்ஆர்-ஐஓவியிலும் சில்லு கெஸ்டின் நினைவகத்தை நேரடியாகப் படிக்கும். அதனால் கெஸ்டுக்குக் கொடுத்த ரேம் முழுவதையும் கர்னல் ஆணியடித்ததுபோல நிறுத்திவைக்க வேண்டும். கெஸ்ட் சும்மா இருந்தாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது. விர்ட்டியோவில் அந்தக் கட்டாயம் இல்லை. கெஸ்ட் பயன்படுத்தாத ரேமை ஹோஸ்ட் திரும்பப் பெறலாம், அழுத்திச் சுருக்கலாம், வட்டுக்கு மாற்றலாம். 64 ஜிபி வைத்திருப்பவருக்கு இது பெரிதில்லை. 8 ஜிபி வைத்திருக்கும் நமக்கு இதுவே தீர்ப்பு. நம் மாணவர்களின் லேப்டாப்புக்கு விர்ட்டியோதான் சரி என்று நான் உறுதியாகச் சொல்வதற்குச் சில்லுச் சுதந்திரத்தோடு இதுவும் காரணம்.

விண்டோஸைக் கெஸ்டாக வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸுக்கான விர்ட்டியோ திரை இயக்கி படத்தைக் காட்டும். முப்பரிமாண வேகம் தராது. அது குறைதான். ஆனால் எதற்காக விண்டோஸ் வேண்டும் என்று ஒரு தடவை யோசியுங்கள். டேலிக்கா? அதற்கு முப்பரிமாணம் தேவையே இல்லை. நம் ராஜ வீதிகளில் உள்ள அச்சகங்களிலும் டிடிபி மையங்களிலும் கல்யாணப் பத்திரிகைக்கும் நோட்டீஸுக்கும் இன்னும் பேஜ்மேக்கரில், யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருக்களில் வேலை நடக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அந்தக் காலத்து நிரலுக்குச் செயலி வரையும் திரையே தாராளம். புதிய கணினியில் ஓட மறுக்கும் பழைய விண்டோஸை வலையமைப்பு இல்லாத ஒரு மெய்நிகர் கணினிக்குள் பத்திரமாகப் பூட்டிவைத்து, இந்தக் கோப்புகளைத் திறக்கலாம். பல்லாண்டு உழைப்பில் சேர்ந்த தமிழ்க் கோப்புகள் அழியாமல் இருக்க இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. ஒரு எச்சரிக்கை: லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிமம் மெய்நிகர் கணினிக்கும் செல்லுமா என்பதை உரிமப் பத்திரத்தில் படித்துப் பார்த்துச் செய்யுங்கள்.

கிராபிக்ஸ் உண்மையில் தேவைப்படுவது லினக்ஸ் கெஸ்டில்தான். குனோம் மேசை தடையில்லாமல் ஓட, ஸ்டெல்லேரியத்தில் வானத்தைச் சுழற்றிப் பார்க்க, ஜியோஜீப்ராவின் முப்பரிமாண வரைபடத்தைத் திருப்ப, பிளெண்டரில் ஒரு சின்ன உருவம் செய்ய. இவை எல்லாவற்றுக்கும் விர்ஜில் போதும். தமிழ் எழுத்துகளைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். கொம்பும் காலும் சரியாக ஒட்டுவது ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தின் வேலை. அது செயலியில் நடப்பது. கிராபிக்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தமிழ் ஒழுங்காகவே தெரியும்.

பாதுகாப்பையும் மறைக்கக் கூடாது. விர்ஜில் வழியில் கெஸ்ட் எழுதும் கட்டளைகளை ஹோஸ்டில் ஓடும் ஒரு நூலகம் படிக்கிறது. அந்த நூலகத்தில் பிழை இருந்தால் கெஸ்டிலிருந்து ஹோஸ்டுக்கு வழி கிடைக்கும். அப்படிப்பட்ட பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டும் இருக்கின்றன. உங்களுக்கு நம்பிக்கையான இயங்குதளத்தை ஓட்டும்போது கிராபிக்ஸைக் கொடுங்கள். நம்பிக்கையில்லாத கோப்பைத் திறந்து பார்க்கும் கெஸ்டுக்குக் கொடுக்காதீர்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாவட்டத்துக்கு ஒரு கருவியை ஊரே சேர்ந்து கற்ற வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் இங்கே சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எழுத்தோடு சைக்கிளையும் ஒரு பாடமாக்கியதால் அது நடந்தது. சைக்கிளைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் நடந்திருக்காது. மடிக்கணினி விஷயத்தில் நாம் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டோம். கணினி அறிவியல் பாடத்தில் இயங்குதளம் என்றொரு தாள் இருக்கிறது. அதில் செயலியைப் பங்கிடுவதைக் கரும்பலகையில் சொல்லித்தருகிறோம். மாணவரின் சொந்த லேப்டாப்பிலேயே, விர்ஜிலை அணைத்தும் போட்டும் ஒரே நிரலை ஓட்டவைத்து, செயலி எவ்வளவு உழைக்கிறது என்று எழுதிவரச் சொல்லுங்கள். மூன்று மணி நேரச் செய்முறை வகுப்பு போதும். தமிழிலேயே படிக்க 2012 முதல் கணியம் இதழ் இருக்கிறது. விழுப்புரத்தில் மாணவர்களைச் சேர்த்து இயங்கும் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. விழுப்புரத்தில் முடிந்தது புதுக்கோட்டையில் முடியாதா?

பேச்சு இத்தோடு போதும், லேப்டாப்பைத் திறங்கள். முதலில் பயாஸில் மெய்நிகராக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். பல லேப்டாப்புகளில் அணைத்தே வருகிறது. லினக்ஸில் விர்ட்-மேனேஜரை நிறுவுங்கள். கெஸ்டை உருவாக்கிய பிறகு அதன் அமைப்பில் இரண்டே இடங்களில் கை வைக்க வேண்டும். திரை என்ற பகுதியில் ஸ்பைஸ் என்பதைத் தேர்ந்து, வலையமைப்பில் காத்திருப்பதை ‘இல்லை’ என்று மாற்றி, ஓப்பன்ஜிஎல் கட்டத்தைக் குறியிடுங்கள். காணொளி என்ற பகுதியில் விர்ட்டியோவைத் தேர்ந்து முப்பரிமாண வேகத்துக்கான கட்டத்தைக் குறியிடுங்கள். கெஸ்டைத் தொடங்கி, உள்ளே முனையத்தில் ஜிஎல்எக்ஸ்-இன்ஃபோவை ஓட்டி ரெண்டரர் என்ற வரியைத் தேடுங்கள். விர்ஜில் என்ற பெயரும் அடைப்புக்குறிக்குள் உங்கள் இன்டெல் அல்லது ஏஎம்டி சில்லின் பெயரும் வந்தால் வேலை முடிந்தது. எல்எல்விஎம்பைப் என்று வருகிறவர்கள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் உள்ள மேசைக்கு வாருங்கள். ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்போம்.